காய்ச்சலும் ஒரு நாள் பேரும்: மலையகத் தோட்டங்களில் பெருந்தொற்றுக் காலப் பொது ஒழுங்கு

இன்புளுவன்சாப் பெருந்தொற்று ஒன்றை எதிர்கொள்ள வகுக்கப்படும் திட்டங்களில் தடுப்பூசி, மருந்து, கட்டில் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு அடுத்ததாகப் பொது ஒழுங்கு இடம்பெறுகிறது. நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தல், கூட்டங்களைத் தடை செய்தல், நோயாளரையும் அவரோடு பழகியவரையும் பிரித்து வைத்தல், இவற்றுக்கு மக்கள் இணங்கி நடக்கச் செய்தல் என்பனவே அப்பகுதியின் உள்ளடக்கம். ‘வீட்டிலேயே இருங்கள்’ என்று சொல்லும்போது, உள்ளே தனித்திருக்க ஓர் அறையும் வெளியே போகாமல் சில நாட்களைக் கடத்தக் கையிருப்பும் கொண்ட ஒரு குடிமகனையே இத்தகைய திட்டம் மனத்தில் வைத்திருக்கிறது. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் அப்படிப்பட்ட குடிமகன் அரிது. ஆகவே அங்கு விதி மீறல் என்று பதிவாகும் பலவற்றில் மறுப்பு எது, இயலாமை எது என்று பிரித்தறிவது காவல் துறைக்கு மட்டுமல்ல, திட்டம் வகுப்போருக்கும் கடினமாகிறது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் மக்கள்தொகை 7,11,644. அதில் பாதிக்கு மேற்பட்டோர் ‘தோட்டத் துறை’ என வகைப்படுத்தப்பட்ட பகுதிகளில் வாழ்ந்தனர். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அத்துறையினர் 5 சதவீதத்துக்கும் குறைவு. தேசிய அளவில் சிறுபான்மையாகவும் மாவட்ட அளவில் பெரும்பான்மையாகவும் இருக்கும் இந்த மக்களின் கணிசமான பகுதியினர் இன்னும் லயங்களில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தொடுத்துக் கட்டப்பட்ட பழைய குடியிருப்புகளில், வாழ்கின்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான, காம்பரா எனப்படும் ஓர் அறை, அதன் முன்னே இஸ்தோப்பு எனப்படும் ஒரு சிறு திண்ணை, பல குடும்பங்களுக்குப் பொதுவான குழாய், சில இடங்களில் பொதுக் கழிப்பறை என்பதே அதன் அமைப்பு. குளிருக்காகச் சாத்திய கதவும் விறகடுப்பின் புகையும் சேர்ந்த அந்த அறையில் பெற்றோர், பிள்ளைகள், பாட்டி என மூன்று தலைமுறையினர் உறங்குவது வழக்கம். மூச்சுக்காற்றால் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான இடத்தைத் திட்டமிட்டும் அமைத்துவிட முடியாது.

ஒழுங்குக்குப் பழகாத சமூகம் என்று தோட்டத்தைச் சொல்ல இயலாது. இலங்கையில் வேறெந்த மக்கள் பிரிவின் நாளும் இவ்வளவு நீண்ட காலம் இவ்வளவு நுணுக்கமாக ஒழுங்குபடுத்தப்பட்டதில்லை. காலையில் பிரட்டுக்களத்தில் கூடுதல், கணக்கப்பிள்ளை பேர் பதிதல், கங்காணியின் மேற்பார்வையில் மலைக்குப் போதல், கொழுந்து நிறுத்தல், மாலையில் மீண்டும் கணக்கு என்று நாள் முழுதும் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பது தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியும். நோயை முன்னிட்ட கட்டுப்பாடும் புதிதன்று. தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்ட காலத்தில், எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டும் தகரத் துண்டு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. கடலைக் கடக்குமுன் அவர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, குளிப்பாட்டப்பட்டு, உடைகள் தொற்றுநீக்கம் செய்யப்பட்டு, பரிசோதிக்கப்பட்டனர். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. கொள்ளைநோய் பற்றிய அச்சம் பரவியிருந்த 1897இல் இயற்றப்பட்ட 3ஆம் இலக்கத் தொற்றுத்தடைகாப்பு மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. 1912இல் இயற்றப்பட்ட இரு சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளையும் அவர்களிடையே பரவும் நோய்களையும் தோட்ட உரிமையாளரின் பொறுப்புகளோடு இணைத்தன. தொழிலாளரின் உடல்நலம் உழைப்பின் கணக்கில் ஓர் உருப்படியாகவே சட்டத்துக்குள் நுழைந்தது என்பதை இங்கு குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிறப்பின் அடையாளம் இன்னும் மறையவில்லை.

இத்தனை கட்டுப்பாடும் 1918ஆம் ஆண்டின் இன்புளுவன்சாவை நிறுத்தவில்லை. அந்நோய் 1918இன் இறுதி மாதங்களிலும் 1919இன் தொடக்கத்திலுமாக இரு அலைகளில் தீவைத் தாக்கியதையும், கொழும்புத் துறைமுகமும் தலைமன்னாரும் அது புகுந்த வாயில்களாக இருந்ததையும் பிற்காலக் குடித்தொகை ஆய்வு காட்டுகிறது. மக்கள்தொகை இழப்பு 3 லட்சத்துக்குச் சற்று மேல் என்பது அந்த ஆய்வின் மதிப்பீடு. அக்கால உத்தியோகபூர்வக் கணக்குகளைவிட இது மிகப் பெரியது. தலைமன்னார் என்பது, 1914இல் தனுஷ்கோடியுடன் கப்பல் இணைப்பு ஏற்பட்டபின், மலைநாட்டுக்குத் தொழிலாளர் வந்து இறங்கிய துறை. காலராவுக்கும் கொள்ளைநோய்க்கும் எதிராக அமைந்த அந்தப் பாதையின் கண்காணிப்பு, அறிகுறி தெரியுமுன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும் காய்ச்சலின் முன் பெரிதும் பயனற்றுப் போயிற்று. நூறாண்டு கடந்தும் பொருந்துகிற செய்தி இது: ஒரு நோய்க்கு எதிராகத் தீட்டப்பட்ட கட்டளை இன்னொரு நோய்க்குப் பொருந்தும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

கோவிட் காலம் இந்த மாவட்டத்தில் பொது ஒழுங்கு எப்படி நடந்தது என்பதை அருகிலிருந்து காட்டிய அண்மைய நிகழ்வு. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது விவசாயத்துக்கும், அதில் அடங்கிய தேயிலைத் தொழிலுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. நகரம் மூடிக் கிடக்க, மலையில் கொழுந்து பறிக்கப்பட்டது. அதே நாட்களில், 1883 முதல் ஆட்கள் நேரில் கூடி நடத்திவந்த கொழும்புத் தேயிலை ஏலம் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கணினிக்கு மாற்றப்பட்டு, 2020 ஏப்ரல் 4ஆம் திகதி முதலாவது மின்னணு ஏலம் நடைபெற்றது. வாங்குவோரும் தரகரும் ஒரே அறையில் அமரத் தேவையில்லை என்று ஒரு தொழில்துறை இவ்வளவு விரைவாக முடிவெடுக்க முடிந்தது பாராட்டத்தக்கது. அந்த ஏலத்துக்குத் தேயிலை அனுப்பிய தோட்டங்களில் பிரட்டுக்களமும் கொழுந்து நிறுக்கும் இடமும் ஆட்கள் கூடும் இடங்களாகவே நீடித்தன. தொழிலாளி மலைக்குப் போகலாம், கடைக்குப் போகக் கூடாது என்ற விதியை, கிருமியைவிட ஏற்றுமதியை முன்னிறுத்திய விதியாக மக்கள் புரிந்துகொண்டிருந்தால் அதில் வியப்பில்லை. நியாயமற்றதாகத் தோன்றும் விதிக்கு ஆட்கள் பயந்து பணியலாம்; மனமொப்பி இணங்குவது வேறு.

விதியின் சட்ட அடிப்படையும் தெளிவாக இருக்கவில்லை. 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஊரடங்கு என்பது சனாதிபதியின் கட்டளையால் பிறப்பிக்கப்பட வேண்டியது. 2020இல் நடைமுறைக்கு வந்ததோ, ‘பொலிஸ் ஊரடங்கு’ என்று வழங்கப்பட்ட ஓர் ஏற்பாடு. அதற்குரிய வர்த்தமானி எங்கே என்று சட்டத்தரணிகள் கேள்வி எழுப்பினர். இதற்கிடையே, அதை மீறியதாகக் கைதானோர் தொகை மே மாத இறுதிக்குள் 60,000ஐத் தாண்டியது. அக்டோபர் நடுப்பகுதியில்தான், 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், முகக்கவசத்தையும் ஒரு மீட்டர் இடைவெளியையும் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. மீறுவோருக்கு 10,000 ரூபாய் வரையான தண்டமோ ஆறு மாதம் வரையான சிறையோ விதிக்கப்படலாம். அன்றைய தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட உழைப்புக்குச் சமமான அந்தத் தண்டம், கொழும்பில் மாதச் சம்பளம் பெறுபவருக்கும் மலையகத்தின் பொகவந்தலாவையில் நாட்கூலிக்கு உழைப்பவருக்கும் ஒரே தொகையாக எழுதப்பட்டிருந்தாலும் ஒரே தண்டனையாக இருக்கவில்லை.

2020 அக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், அதைத் தொடர்ந்து பேலியகொடை மீன் சந்தையிலும் நோய்க் கொத்தணிகள், அதாவது ஒரே இடத்தோடு தொடர்புடைய தொற்றுக் கூட்டங்கள், உருவாயின. பேலியகொடையிலிருந்து மீன் வாங்கிவரும் வியாபாரிகள் மூலம் தொற்று மலைநாட்டு நகரங்களை எட்டியது. மாத இறுதியில் ஹட்டன் நகரின் கடைகள் மூடப்பட்டன. அடுத்து வந்தது தீபாவளி. தோட்டத்து இளைஞரும் யுவதிகளும் கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் சுதந்திர வர்த்தக வலயங்களிலும் வேலை பார்ப்பவர்கள். ஊர் திரும்பும் காலம் தீபாவளியும் தைப்பொங்கலும்தான். இதை அறிந்தே அரசாங்கம் நவம்பர் 11 நள்ளிரவிலிருந்து தீபாவளி முடியும்வரை மேல் மாகாணத்தை விட்டு எவரும் வெளியேறுவதைத் தடை செய்தது. தொற்றியல் நோக்கில் அந்த முடிவு சரியானதே. தடைக்கு முன் ஊர் வந்துவிட்டவர்களின் நிலையைத்தான் அத்திட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. வந்தவருக்கு 14 நாள் வீட்டுத் தனிமை என்றால், நடைமுறையில் அது அந்தக் காம்பராவில் இருக்கும் அனைவருக்கும் தனிமை, அனைவருக்கும் வேலை இழப்பு. அதனால் ஒரு மகனின் வருகையை மறைப்பது, நோயை மறைப்பது என்பதைவிட, வீட்டின் இரு வாரச் சம்பளத்தைக் காப்பது என்றே பொருள்பட்டது.

2021 ஏப்ரல் புத்தாண்டுக்குப் பின் எழுந்த மூன்றாம் அலையில் தோட்டப் பிரிவுகளே முழுமையாக முடக்கப்பட்டன. வரைபடத்தில் ஒரு தோட்டத்தைச் சுற்றி வளைப்பது எளிது. ஒரு வாயில், ஒரு பாதை, சுற்றிலும் தேயிலை. வெளியே பரவுவதைக் குறைக்க அது உதவலாம். உள்ளே இருப்பவர்களுக்கு அது தரும் பாதுகாப்பு மிகக் குறைவு. ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள் ஒருவருக்கொருவர் நெருக்கமாகவே அடைக்கப்படுகிறார்கள். லைபீரியத் தலைநகர் மொன்றோவியாவில், எபோலா பரவிய 2014 ஆகஸ்டில், வெஸ்ட் பொயின்ட் என்ற நெரிசல் மிக்க குடிசைப் பகுதியை இராணுவம் இவ்வாறு வளைத்தது. முதல் நாளே கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். பத்து நாளில் வளைப்பு கைவிடப்பட்டது. இலங்கையில் 2020 நவம்பர் இறுதியில் மகர சிறைச்சாலையில், தொற்று பற்றிய அச்சத்தோடு தொடங்கிய அமைதியின்மை 11 கைதிகளின் உயிரைக் குடித்தது. மலையகத் தோட்டங்களில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த அமைதியைத் திட்டத்தின் வெற்றியாகக் கொள்வது தவறு. தலைமுறைகளாகப் பழகிய பொறுமையும், தொழிற்சங்கத் தலைவர், கோயில் கமிட்டி, பக்கத்துக் காம்பரா என்ற உள்ளூர் ஏற்பாடுகளும் அதைத் தாங்கின என்று கருத இடமுண்டு. அடுத்த முறையும் அவை தாங்கும் என்று எண்ணித் திட்டம் வகுப்பவர், பிறர் கையிருப்பிலிருந்து செலவு செய்கிறார்.

கோவிடில் கற்றதை அப்படியே இன்புளுவன்சாவுக்குப் பெயர்த்து வைக்கும் ஆசை இயல்பானது, அது ஆபத்தானதும்கூட. இன்புளுவன்சாவின் நோயரும்பு காலம், அதாவது கிருமி புகுந்ததிலிருந்து அறிகுறி தோன்றும் வரையான இடைவெளி, பொதுவாக ஒன்று முதல் நான்கு நாட்கள், சராசரி இரண்டு. அறிகுறிக்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கும் நோயாளி, அதன்பின் ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரப்புகிறார். சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தோட்டத்துக்கு வந்து, தொடர்பாளர் பட்டியல் எழுதி முடிக்குமுன் அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டிருப்பர். எனவே தொடர்பு தேடிப் பிடித்தலும் 14 நாள் முடக்கமும் இன்புளுவன்சாவில் பெரும் பலன் தருவதற்கில்லை. காய்ச்சல் வந்த அன்றே வேலையிலிருந்து விலகி ஒரு வாரம் ஒதுங்கியிருக்கும் வழக்கமே பலன் தரும். மேலும் இன்புளுவன்சாவைப் பரப்புவதில் சிறுவர் பங்கு பெரிது. அதைக் கருதிப் பள்ளியையும் பிள்ளைக்காம்பராவையும், அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் தோட்டக் காப்பகத்தையும், மூடினால் கொழுந்து பறிக்கும் பெண்கள் வீட்டில் நிற்க வேண்டிவரும். அல்லது பிள்ளையைப் பாட்டியிடம் விட வேண்டிவரும். இன்புளுவன்சாவால் உயிரிழக்கும் வாய்ப்பு பொதுவாக முதியோரிடையே அதிகம் என்பதால், இரண்டாவது வழி நோயை அது மிகக் கொடியதாகும் இடத்துக்கே கொண்டுசெல்கிறது.

காய்ச்சல் வந்த அன்றே விலகுதல் என்பது சொல்லளவில் எளிமையானது. தோட்டத்தில் அதற்குக் குறுக்கே நிற்பது ‘பேர்’. நாட்கூலித் தொழிலாளி அன்று வேலைக்கு வந்து, குறித்த கிலோ கொழுந்தைப் பறித்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். வராவிட்டால் எதுவும் இல்லை. நோய் விடுப்புக்குச் சம்பளம் என்பது அலுவலகத்திலிருப்போர் வழக்கம். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கிடைக்கலாம். அன்றைய பேர் கிடைப்பதில்லை. இதற்கு மேல், வருகைக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் வழக்கமும் உண்டு. தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின் நாட்சம்பளமான 730 ரூபாயில் 60 ரூபாய் வருகைக்கான கொடுப்பனவு. 2019 ஒப்பந்தத்தில் அது நீக்கப்பட்டு அடிப்படைச் சம்பளம் 700 ஆயிற்று. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாயாக்கப்பட்டதும், கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகி, பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டியதாகத் தொழிலாளர் முறையிட்டனர். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550 ரூபாயாக உயர்த்தவும், அத்துடன் நாளொன்றுக்கு 200 ரூபாயை வருகைக்கான ஊக்கத்தொகையாக அரசே வழங்கவும் முன்மொழிந்தது. சாதாரண காலத்தில் வருமானத்தைக் கூட்டும் இந்த 200 ரூபாய், காய்ச்சல் பரவும் மாதத்தில் நோயோடு மலையேறுவதற்குக் கொடுக்கும் கூலியாக மாறும். இதைச் சுட்டுவது அந்த உயர்வைக் குறைகூறுவதற்கன்று. பொது ஒழுங்கைக் குலைக்கும் அல்லது காக்கும் விதிகள் பொலிஸ் சட்டத்தில் மட்டுமல்ல, சம்பளப் பட்டியலிலும் எழுதப்பட்டுள்ளன என்பதற்கே.

கட்டளையிடும் அதிகாரம் யாருக்கு என்பது அடுத்த சிக்கல். 1897ஆம் ஆண்டுச் சட்டம் ‘உரிய அதிகாரி’ ஒருவரைக் குறிப்பிடுகிறது. அவர் சுகாதாரத் துறையைச் சார்ந்தவர். தோட்ட எல்லைக்குள்ளோ நிலம், பாதை, லயம், லொறி எல்லாம் கம்பனியின் கையில். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நீண்ட காலம் இருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. தோட்ட மருத்துவமனைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி இன்னும் முற்றுப்பெறவில்லை. பல டிஸ்பென்சரிகளில் இருப்பவர் பதிவுபெற்ற வைத்தியர் அல்லர். தோட்ட வைத்திய உதவியாளர். அவருக்குச் சம்பளம் தருவது தோட்டம். காய்ச்சலோடு வரும் தொழிலாளியை ஒரு வாரம் வேலைக்கு அனுப்பாதே என்று அவர் எழுதினால், தமக்குச் சம்பளம் தருபவரின் அன்றைய கொழுந்துக் கணக்கைக் குறைக்க எழுதுகிறார். 2005ஐ ஒட்டிப் பறவைக் காய்ச்சல் அச்சத்தால் இலங்கை தேசிய இன்புளுவன்சா ஆயத்தத் திட்டத்தை வகுத்தது. 2009இல் எச்1என்1 இன்புளுவன்சா வந்தபோது அது பயன்பட்டது. தேசியத் திட்டம் மாவட்டத்துக்கு இறங்கும்போது இந்த உதவியாளரின் குறிப்புக்குச் சட்ட வலு உண்டா, அதைத் துரை, அதாவது தோட்ட முகாமையாளர், மறுக்க முடியுமா என்பதை எழுத்தில் தீர்ப்பது, கூடுதலாக நூறு பொலிஸாரை நிறுத்துவதைவிட அதிகம் சாதிக்கும்.

உணவும் ஒழுங்கின் பகுதியே. 2020இல் ஊரடங்கு சில மணி நேரம் தளர்த்தப்பட்டபோதெல்லாம் நகரங்களில் நெரிசல் ஏற்பட்டது. பேருந்து ஓடாத நாளில் பல கிலோமீட்டர் இறங்கி வந்து, வரிசையில் நின்று, மூட்டை சுமந்து ஏறுபவருக்கு அந்த நேரம் போதாது. தோட்டச் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி வருகிறது. அதற்கடுத்த நாட்களில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா கடைவீதிகளில் கூட்டம் நிரம்புவதை நிர்வாகம் அறியும். எனவே சம்பள நாளைப் பிரிவு வாரியாகப் பிரித்தல், கூட்டுறவுக் கடையின் லொறியை லயத்தடிக்கு அனுப்புதல் போன்றவை பெரிய செலவற்ற ஏற்பாடுகள்.

யார் பேசுகிறார் என்பதும் இணக்கத்தைத் தீர்மானிக்கிறது. 1999இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டும், அவசரச் செய்தி முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் வரும் வழக்கம் மாறவில்லை. ஒரு நாள் பிந்தி வரும் தமிழ் அறிவித்தல், இரண்டு நாளில் அரும்பும் நோய்க்கு எதிராகப் பாதி நேரத்தை இழந்துவிடுகிறது. அவசர காலத்தில் அரசு நடந்துகொண்ட விதமும் நினைவில் நிற்கும். கோவிடால் இறந்தவர்களைக் கட்டாயமாகத் தகனம் செய்யும் விதி 2020இல் முஸ்லிம் மக்கள் மீது சுமத்தப்பட்டு, 2021 பெப்ரவரியில்தான் கைவிடப்பட்டது. அந்த மாதங்களில் பரிசோதனைக்குப் போகவே தயங்கியவர்களின் அச்சத்தை எந்தத் தண்டமும் போக்கவில்லை. தோட்டத்தில் நம்பப்படும் குரல் எது என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். ஓரிடத்தில் தொழிற்சங்க மாவட்டத் தலைவர், இன்னோரிடத்தில் மருத்துவமாது, வேறோரிடத்தில் பாடசாலை அதிபர். அந்தப் பெயர்களை நோய் வருமுன் எழுதி வைக்க வேண்டியவர்கள் கிராம உத்தியோகத்தரும் தோட்டக் குடும்பநல உத்தியோகத்தரும்.

நோயாளி எங்கே படுப்பார் என்ற கேள்விக்கு உடனடி விடை உண்டு: மூடப்பட்ட நாட்களில் வெறுமையாகும் பாடசாலை, கலாசார மண்டபம், பிள்ளைக்காம்பரா. கோவிடின்போது இடைநிலைப் பராமரிப்பு நிலையங்கள் என்ற பெயரில் நாடெங்கும் இத்தகைய இடங்கள் பயன்பட்டன. இன்புளுவன்சாவில் நோயாளியைவிட முதியவரையும் கர்ப்பிணியையும் ஒரு வாரம் அங்கே மாற்றுவது பயன்தரக்கூடும். அவர்களின் எண்ணிக்கை குறைவு, அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், குடும்பத்தின் உழைப்பும் பெருமளவு தடைப்படாது. லயங்களை ஒழித்துத் தனிவீடு கட்டும் திட்டங்கள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஏற்பாடு இது.

மீதி இருப்பது பணக் கணக்கு. முன்மொழியப்பட்ட வீதத்தில், காய்ச்சலுற்ற ஒரு தொழிலாளியை ஐந்து வேலை நாட்கள் முழுப் பேரோடு வீட்டில் நிறுத்த 1,550 ரூபாயின் ஐந்து மடங்கு, அதாவது 7,750 ரூபாய். வருகைத் தொகையையும் இழக்காமல் இருக்க மேலும் 1,000. மொத்தம் 8,750 ரூபாய். ஒரு தோட்டப் பிரிவை 14 நாள் முடக்கினால் அங்குள்ள ஒவ்வொரு தொழிலாளியும், நோயுற்றாலும் இல்லாவிட்டாலும், இழப்பது இதைவிட இரு மடங்குக்கு மேல். முதல் தொகையை யார் கொடுப்பது என்பதைச் சம்பள நிர்ணய சபையின் ஒரு கட்டளையால் தீர்த்துவிடலாம்: கம்பனி ஒரு பகுதி, அரசு ஒரு பகுதி, வருகைத் தொகைக்கென ஏற்கெனவே ஒதுக்கிய நிதியிலிருந்து ஒரு பகுதி, பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட நாளில் தானாகவே நடைமுறைக்கு வருமாறு. இரண்டாவது தொகை எந்தத் திட்டத்தின் செலவுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அது தொழிலாளியின் கணக்கிலேயே கழிகிறது.